ஆபீசர் பால்

பாக்கியமேரி சட்டப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டு வந்த அன்று, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு மெதுவடை தின்றாள். அழப்போகிறாள் என்று பயந்துதான் நான் பக்கத்தில் போகாமல் கல்லாவிலேயே இருந்தேன். நாலாவது வடைக்குச் சட்னி கேட்டதும் இனி அழமாட்டாள் என்று தெரிந்தது. போனேன்.

"எத்தனை மார்க்கு?"

"எழுத்துல பாஸ்தாங்கய்யா. செய்முறையில மறுபடியும் போயிடுச்சு."

"என்ன கேட்டான்?"

"கடைக்காரர் தப்புப் பண்ணியிருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. எடுத்துச் சொல்லித் திருத்துவேன்னு சொன்னேன். போன தடவையும் அதான் சொன்னேன்."

"அதுல என்ன தப்பு?"

"அது நல்ல மனசாம். சட்டம் இல்லையாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

என் பேர் தாயுமானவன். வயது எழுபத்தொன்று. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீடு ஸ்ரீரங்கத்தில், கடை தென்னூரில். முப்பத்தெட்டு வருடமாகக் காலை முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு பற்றவைக்கிறேன். கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதில்தான் ஆறு வருடமாக மேரி குடியிருக்கிறாள். நாற்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறாள். ஒப்பந்த வேலை, வருடா வருடம் கையெழுத்துப் போட்டு நீட்டிப்பார்கள். அங்கே சுகாதாரப் பிரிவில் ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. சுற்றுச்சூழல், பொது சுகாதாரச் சட்டங்களில் டிப்ளமா முடித்துவிட்டு வந்தால் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். செய்முறைத் தேர்வுக்கு மூன்று தடவைதான் விடுவார்கள். மூன்றாவதிலும் போனால் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு.

இன்னும் ஒரு தடவை பாக்கி. ஆறு வாரம் இருந்தது.

சட்டம் தெரிந்தவனை நான் நம்பியதில்லை. என் கடைக்கு எத்தனையோ பேர் சட்டம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வந்து நின்றதும் ஒரு காபி, போகும்போது ஒரு பொட்டலம் பக்கோடா. எந்தப் பிரிவில் அப்படி எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. அதனால் மேரி மத்தியானம் மூன்று மணிக்கு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கும்போது நான் காதில் வாங்காத மாதிரிதான் டம்ளர் கழுவுவேன். ஆனால் காது என்ன, மூடி போட்டா வைத்திருக்கிறது?

ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் வேண்டுமென்றே, காரணம் இல்லாமல், கடைக்காரனுக்குத் தொந்தரவு கொடுத்தால் ஆபீசருக்கே ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு என்று.

டம்ளரைக் கீழே வைத்தேன். "என்னது, திரும்பப் படி."

திரும்பப் படித்தாள்.

"எந்தப் பொஸ்தகம் இது? நீயே எழுதினியா?"

"சட்டம்தாங்கய்யா. மாம்பழம் படம் போட்ட நோட்டுல எழுதியிருக்கேன், அவ்ளோதான்."

"முப்பத்தெட்டு வருஷமா ஒருத்தன் சொல்லலியே!"

"கடைக்காரங்க யாரும் படிக்கறதில்லீங்களே."

அன்றிலிருந்து நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கடைக்காரன் எப்படியெல்லாம் நழுவுவான் என்று தெரியும். அவள் ஆபீசராக வருவாள், நான் கடைக்காரனாகவே இருப்பேன். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஐயா, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்க கடையில பால் மாதிரி எடுக்க வந்திருக்கேன்."

"எடும்மா. எடுத்து என் கடையை மூடிடு. பொண்டாட்டிக்கு நாளைக்கு ஆபரேஷன். கையில சல்லிக் காசு இல்ல. நீ வேற."

மேரியின் முகம் அப்படியே கூம்பிவிட்டது. "ஐயோ, அப்போ அடுத்த வாரம் வரட்டுங்களா?"

"அடி யம்மா! என் பொண்டாட்டி செத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. காரியத்துக்கு நீயும்தானே... இல்ல, நீ அப்ப இங்க இல்ல. ஆனா படத்துக்கு மாலை போட்டிருக்கேனே, தெனமும் பாக்கற இல்ல?"

"தெரியுங்கய்யா. நீங்க சொன்ன விதம் அப்படி."

இவள் எப்படித் தேறுவாள் என்று எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. நடைமுறை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவாள். மாதிரியை நாலு பங்காகப் பிரிக்க வேண்டும், கடைக்காரன் முன்னாலேயே சீல் வைக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், பால் என்றால் கெட்டுப்போகாமல் இருக்க மருந்துச் சொட்டு விட வேண்டும், எடுத்த பாலுக்கு விலை கொடுத்துவிட வேண்டும். இதில் கடைசி சங்கதியைக் கேட்டு நான் ஒரு வாரம் நம்பவில்லை. எல்லாம் தெரியும். எதிரில் நிற்கிறவன் மூக்கை உறிஞ்சினால் மட்டும் எல்லாம் மறந்துவிடும்.

இந்த நிலைமையில் ஒரு நாள் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். முரளிதரன் என்று பேர். பழைய சுகாதார அதிகாரி, ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இப்போது அங்கே பாடம் எடுக்கிறார், பரீட்சையும் அவர்தான் வைக்கிறார். கையில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தார். என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, வீட்டுக் காபியை ஊற்றிக் குடித்தார். இந்த மனிதரை நான் எப்படி நம்புவது?

"உங்க கடையை ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்களுக்குக் குடுக்கணும். செய்முறைப் பரீட்சையைக் கிளாஸ் ரூம்ல வச்சா பசங்க பாடம் ஒப்பிக்கறாங்க. நெஜக் கடை, நெஜப் பால், நெஜக் கடைக்காரர் வேணும். நீங்க கொஞ்சம் கோவமா நடிக்கணும், முடியுமா?"

"நடிக்கணுமா?" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம், இப்படியே இருங்க," என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அல்லது அப்போது இல்லை. என் கடைக்குத் திருவானைக்காவலிலிருந்து பால் வரும். வந்ததும் ஒரு சின்னத் தூக்குச் சட்டியில் ஒன்றரைப் படி தனியாக எடுத்து அலமாரிக்குக் கீழே வைத்துவிடுவேன். மிச்சம் பெரிய அண்டாவுக்குப் போகும். அண்டாவில் நாலுக்கு ஒன்று தண்ணீர் சேரும். ஊருக்கு அண்டாப் பால். தூக்குப் பால், கேள்வி கேட்கக்கூடியவர்களுக்கு. ஆபீசர் வந்தால் அதில்தான் காபி. சோதனைக்கு என்று கேட்டாலும் கை தானாக அதற்குத்தான் போகும். எங்கள் தொழிலில் இதற்குப் பேரே ஆபீசர் பால்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட கடையிலும் இருந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் நான் ஒரு கணக்குப் போட்டேன். மேரி வருவாள். தூக்குப் பாலை நீட்டுவேன். பால் சுத்தமாக இருக்கும். அவள் சீல் வைப்பாள், நான் கையெழுத்துப் போடுவேன், குற்றம் குறை எதுவும் இல்லாததால் அவள் இரக்கப்பட வேண்டிய இடமே வராது. பாஸ். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள், நல்ல மனசு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்துவிட்டார்கள். மொத்தம் மூன்று பேர். முரளிதரன் மூலையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இன்றைக்குக் கடை இல்லை என்று சொல்லியும் கேட்காமல், எங்கள் வழக்கமான கிராக்கி ரங்கசாமியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேடிக்கை என்றால் விடமாட்டார்.

முதலில் ஆசீர் என்று ஒரு பையன். நல்ல உடுப்பு. "வணக்கம்ங்க" என்று உள்ளே வந்தான்.

"வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஒரு காபி குடிங்க, அப்புறம் பேசலாம்."

குடித்துவிட்டான். மூலையில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் சட்டம் என்ன பேசியும் பிரயோஜனம் இல்லை. குடித்த வாயோடு எப்படி மிரட்டுவான்?

அடுத்தது சபீனா. கெட்டிக்காரப் பெண். "வேணாங்க, இப்பதான் சாப்பிட்டு வந்தேன்," என்று காபியைத் தள்ளிவிட்டாள். பால் கேட்டாள். நான் தூக்கை எடுத்து வைத்தேன். அளந்தாள், பாட்டிலில் ஊற்றினாள், சீல் வைத்தாள், காசு கொடுத்தாள். அந்தக் காசை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், சத்தியமாக. ஒரு ஆபீசர் என் பாலுக்குக் காசு கொடுத்தது அதுதான் முதல் தடவை, அதுவும் விளையாட்டு ஆபீசர். முரளிதரன் தலையாட்டினார். அவருக்குத் தூக்கின் சூட்சுமம் தெரியவில்லை. அத்தனை வருடம் அதிகாரியாக இருந்தவருக்கே தெரியவில்லை என்றால் எங்கள் தொழில் எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது மேரி. வெளுத்த சேலை, தோளில் பை. உள்ளே வந்ததும் முதலில் அண்டாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாங்க மேடம். காபி?"

"வேணாங்கய்யா. பால் மாதிரி எடுக்கணும்."

தூக்கை எடுத்துப் பலகையில் வைத்தேன். மனசுக்குள், எடு மேரி, எடுத்துக்கிட்டு பாஸாகு, என்றேன்.

அவள் எடுக்கவில்லை. "இது எனக்கு வச்ச பாலுங்க," என்றாள். "ஊருக்கு ஊத்தற பாலை எடுங்க."

ஆறு வருடமாக மாடிப்படியில் ஏறி இறங்குகிறவள். தினமும் காலையில் நான் அலமாரிக்குக் கீழே குனிவதைப் பார்த்திருக்கிறாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாம் ஒரே பாலுதான்," என்றேன்.

"அப்ப அண்டாவுலருந்தே எடுத்துக்கறேங்க. உங்களுக்கு என்ன?"

மூலையில் முரளிதரன் பிளாஸ்க்கை மூடி வைத்தார். ரங்கசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

காய்ச்சாத பாலை அண்டாவிலிருந்து ஒரு குவளையில் எடுத்துக் கொடுத்தேன். மேரி பையிலிருந்து பாலின் தரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து அதில் விட்டாள். அது இறங்கியது பாருங்கள், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி. நல்ல பாலில் மிதக்கும். இது உட்கார்ந்துவிட்டது.

"ஓகோ," என்றார் ரங்கசாமி. "இதைத்தான் இருபது வருஷமா குடிக்கிறேனா?"

"நீ சும்மா இருய்யா."

முரளிதரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த வாத்தியார் களை போய்விட்டது. "சரி," என்றார் மேரியிடம். "தப்பு இருக்கற மாதிரி தெரியுது. இப்ப என்ன செய்வீங்க?"

அதே கேள்வி. இரண்டு தடவை அவளைக் கவிழ்த்த கேள்வி. மேரி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். நான் நல்லவனாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் ரங்கசாமி முன்னால் மானம் போகிறதே. வாய் தானாகத் திறந்தது.

"ஏம்மா, மாடியில ஆறு வருஷமா இருக்க. ஒரு பைசா வாடகை ஏத்தியிருக்கேனா? மழையில கூரை ஒழுகினப்ப ராவோட ராவா ஆள் வச்சு அடைச்சேனே. அதுக்கா இது?"

மேரியின் மூக்கு சிவந்தது. போச்சு, இப்போது எடுத்துச் சொல்லித் திருத்தப் போகிறாள், என்று நினைத்தேன். நானே அவளைத் தோற்கடித்துவிட்டேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கூரைக்கு நான் என்னைக்கும் நன்றி மறக்கமாட்டேங்கய்யா. இது கூரை இல்ல, பால்," என்றாள். "சார், நான் சட்டப்படி மாதிரி எடுக்கறேன்."

எடுத்தாள். அண்டாவை நன்றாகக் கலக்கச் சொன்னாள். நாலு பாட்டில். ஒவ்வொன்றிலும் மருந்துச் சொட்டு. மூடி, நூல், அரக்கு. அரக்கு உருகி அவள் விரலில் சொட்டியது, ஊதிக்கொண்டே சீல் அழுத்தினாள். ஒரு பாட்டிலிலும் சீல் கோணவில்லை. பாலுக்கு விலையை எண்ணி வைத்தாள். சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இங்க கையெழுத்துப் போடுங்க."

"போட முடியாது."

"சரிங்க." திரும்பினாள். "ரங்கசாமி ஐயா, நீங்க சாட்சியா வாங்க. இவர் கையெழுத்துப் போட மறுக்கறார். உங்க முன்னாலதானே சீல் வச்சேன்?"

ரங்கசாமிக்கு வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று வரிக்குக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மேரி என் பக்கம் குனிந்து, அதே குரலில், ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, கண்ணாடிக் குழாய் சொல்றது சந்தேகம்தான். தப்பா இல்லையான்னு ஆய்வகம்தான் சொல்லணும். அந்த ஆய்வகத்து மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா, இந்த நாலாவது பாட்டிலை அங்கீகாரம் வாங்கின வேற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்க கேக்கலாம். அது உங்க உரிமை. கேக்கறீங்களா?"

முப்பத்தெட்டு வருடத்தில் என் கடைக்குச் சட்டம் பேசி வந்தவர்களில் ஒருவனும் எனக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறதாகச் சொன்னதில்லை. என்னைப் போல யாரையும் நம்பாதவனுக்கு என்றே ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை எழுதினவன் என்னைத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

"அனுப்ப வேணாம்," என்றேன். "தண்ணிதான். நாலுக்கு ஒண்ணு."

"ஐயா! பேசாம இருங்க. நீங்க சொன்னா அதையும் நான் எழுதணும்."

"எழுது. குடு சீட்டை, கையெழுத்துப் போடறேன்."

"இப்ப வேணாங்க. சாட்சி போட்டாச்சு."

"அவன் போட்டா நான் போடக்கூடாதா? கடை யாருது?"

முரளிதரன் சிரிப்பை அடக்க இருமினார். சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். தாயுமானவன் என்று முழுசாக எழுதினேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மேரி," என்றார் முரளிதரன். "போன தடவையெல்லாம் எடுத்துச் சொல்லித் திருத்துவேன்னீங்களே. அது எங்க போச்சு?"

"அது இன்னும் இருக்கு சார். சீல் வச்சதுக்கப்புறம்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "ரிசல்ட்டு தபால்லதான் வரும்," என்றார். "ஆனா வாசல்ல நின்னு அழாதீங்க, வடை சாப்பிடுங்க." பிறகு தூக்கையும் அண்டாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் எனக்கு," என்றார். "எத்தனை கடையில இந்தத் தூக்கைக் குடிச்சிருப்பேன்னு நெனைச்சா..." சபீனாவையும் ஆசீரையும் கூப்பிட்டு, திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து எல்லாம் செய்யச் சொன்னார், அண்டாவிலிருந்து. அவர்கள் என்னை முறைத்த முறைப்பை நான் மறக்கமாட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கடுதாசி வந்தது. நூற்றுக்கு எண்பத்தாறு. மேரி மாடிப்படியில் நாலு நாலு படியாக இறங்கி வந்தாள், அந்த வயதில். ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொல்லிவிட்டார்கள். நிரந்தரம். கடையில் இருந்த அத்தனை பேரிடமும் காகிதத்தைக் காட்டினாள். ஒரு ஆட்டோக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கும்மா" என்றார்.

பரீட்சைக்கு மறுநாளே நான் அண்டாவில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. தண்ணீருக்குப் பதிலாகக் காபி விலையில் மூன்று ரூபாய் ஏற்றிவிட்டேன். பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதிப் போட்டேன். அதற்குத்தான் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். கடுதாசி வந்த அன்றைக்கும் ரங்கசாமிதான் முதல் ஆள்.

"தண்ணிக் காபியே நல்லாத்தான்யா இருந்துது. இது நெஞ்சுல நிக்குது. அதுக்கு மூணு ரூபா வேற."

"நிக்கட்டும். அது பால்."

"சரி, சாட்சி போட்டவனுக்காவது பழைய வெலையில குடு."

நான் மேரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"சாட்சிக்குச் சலுகை குடுத்தா அந்தச் சாட்சி செல்லாதுங்கய்யா."

ரங்கசாமி முனகிக்கொண்டே முழுக் காசையும் வைத்தார்.